தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து

நேற்று வரை நன்றாக மேய்ந்து வந்த வெள்ளாடு, இன்று மந்தையை விட்டு விலகித் தனியே நிற்கிறது. தீனி எடுப்பதில்லை. சுவரிலோ கம்பத்திலோ தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. கண் திறந்திருந்தாலும் பார்வை இல்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் இமைப்பதில்லை. சில மணி நேரம் கழித்துக் கழுத்து பின்பக்கம் வளைந்து, வானத்தைப் பார்ப்பது போல முகம் மேலே தூக்கிக்கொள்கிறது. பிறகு கீழே விழுந்து கால்களை உதைத்துக்கொள்கிறது. காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டு போவதும், பச்சிலைச் சாறு புகட்டிப் பார்ப்பதுமாகப் பாதி நாள் கழிந்துவிடும். இந்தப் பாதி நாள்தான் ஆட்டின் உயிரைத் தீர்மானிக்கிறது.

இவ்வகைக் குறிகளுக்குக் காரணம் பல உண்டு. அவற்றுள் ஒன்று, உரிய நேரத்தில் ஓர் ஊசி போட்டால் ஒரே நாளில் தெளிந்துவிடக் கூடியது. அதுதான் பி-1 வைட்டமின் பற்றாக்குறை. இதன் பெயர் தயமின். இதே சத்து குறைந்தால் கோழிக்குஞ்சு கால் மடங்கி உட்கார்ந்து தலையைப் பின்னுக்கு வளைக்கும். மனிதருக்கு பெரிபெரி நோய் வரும். இவ்வளவு வேலை செய்யும் இப்பொருள், விவசாயி வீட்டுத் தவிட்டில் தாராளமாக இருக்கிறது. ஆனால் எளிதில் கை நழுவிப் போகும் குணம் உடையது.

தயமின் என்பது என்ன?

வைட்டமின்களில் கொழுப்பில் கரைபவை ஒரு வகை, நீரில் கரைபவை இன்னொரு வகை. ஏ வைட்டமின் கொழுப்பில் கரைவது. ஈரலில் மாதக்கணக்கில் தங்கி இருக்கும். தயமின் நீரில் கரைவது. உப்பு வடிவில் கிடைக்கும் தயமின் ஒரு கிராம், ஏறத்தாழ ஒரு மில்லி தண்ணீரிலேயே கரைந்துவிடும். தேவைக்கு மேல் உள்ளே போனால் சிறுநீரோடு வெளியேறிவிடும். வளர்ந்த மனிதன் உடம்பு முழுவதிலும் சேர்த்து 25 முதல் 30 மி.கி. அளவுதான் இருக்கும். வரத்து நின்றுபோனால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு தீர்ந்துவிடும். குதிரில் நெல் கொட்டி வைப்பது போல இதைச் சேமிக்க முடியாது. அன்றாடம் கிணற்றில் இறைக்கிற தண்ணீர் மாதிரிதான்.

இதன் அமைப்பில் இரண்டு வளையங்கள் உள்ளன. ஒன்றில் நைட்ரஜன் அணுக்கள் அமைந்துள்ளன. மற்றொன்றில் நைட்ரஜனோடு கந்தகமும் இருக்கிறது. இந்த இரண்டு வளையங்களையும் ஒரே ஒரு கார்பன் அணு நுகத்தடி போல நின்று இணைக்கிறது. பலவீனம் இந்த இணைப்பில்தான். உணவைப் பதப்படுத்தப் பயன்படும் சல்பைட் உப்புகள் இந்த இணைப்பை அறுத்துவிடும். தயமினேஸ் என்ற நொதியும் இதே இடத்தில்தான் வெட்டும். சோடா உப்பு போன்ற காரப் பொருளோ கந்தக வளையத்தையே திறந்து கெடுத்துவிடும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். புளிப்பில் மட்டும் தயமின் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஆகவே பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடும் பழக்கம் விறகை மிச்சம் பிடிக்கலாம், சத்தைக் கெடுத்துவிடும்.

உடம்புக்குள் தயமின் பாஸ்பேட்டுடன் சேர்ந்து, நொதிகளுக்குத் துணையாக வேலை செய்கிறது. மாவுச்சத்து செரித்துச் சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை எரிந்து வலுவாக மாறும் பாதையில் முக்கியமான படிகளைக் கடக்க இது வேண்டும். இது இல்லாவிட்டால் சர்க்கரை பாதி எரிந்த நிலையில் நின்று, அமிலம் தேங்கும். மூளையும் நரம்பும் பெரும்பாலும் சர்க்கரையை நம்பியே வேலை செய்வதால் முதலில் பாதிக்கப்படுபவை அவைதான். இருதயமும் தப்பாது. மாவுச்சத்து அதிகம் சாப்பிடுகிறவருக்குத் தயமினும் அதிகம் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல.

ஆட்டுக்கு ஏன் குறைகிறது?

மாடு, ஆடு போன்ற அசை போடும் கால்நடைகளுக்குத் தீவனத்தில் தயமின் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும். பால் குடிக்கும் குட்டிகளுக்கு அந்த வயிறு இன்னும் முதிராததால் அவற்றுக்குத் தாய்ப்பாலே வழி. வளர்ந்த ஆட்டுக்கு நோய் வருகிறது என்றால், வயிற்றின் உள்ளே ஏதோ தடம் புரண்டுவிட்டது என்று பொருள்.

பெரும்பாலும் தீனி மாற்றமே காரணம். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். களத்தில் குவித்த கம்பு, சோளம், நெல்லில் ஆடு புகுந்துவிடும். சந்தைக்கு முன் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று ஒரேயடியாக மக்காச்சோளம் வைப்பவர்களும் உண்டு. மாவுச்சத்து இப்படித் திடீரென நிறைந்தால் முதல் வயிற்றில் புளிப்பு ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும். அந்த இடத்தில் தயமினேஸ் நொதியைச் சுரக்கும் வேறு கிருமிகள் பெருகும். அவை இருக்கிற தயமினையும் வெட்டி வீணாக்கும். மூளைத் திசு வீங்கி, மண்டை ஓட்டுக்குள் நெரிபட்டு, மென்மையாகிச் சிதையத் தொடங்கும். முதலில் சொன்ன குறிகள் எல்லாம் இதன் விளைவே.

வேறு வழியிலும் இந்த மூளை நோய் வரலாம். நார்த்தீவனம் குறைந்து வெல்லப்பாகு மிகுதியானாலும் வரும். தண்ணீரிலோ தீவனத்திலோ கந்தகச் சத்து மிகுந்தாலும் வரும். அப்போது தயமின் குறையாமலேயே மூளை கெடக்கூடும். சில பெரணிச் செடிகளில் தயமினேஸ் உண்டு. மலைப்பகுதியில் மேய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையில் தாமதம் கூடாது. கால்நடை மருத்துவர் பொதுவாக ஆட்டின் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் தயமின் ஊசி போடுவார். 20 கிலோ ஆட்டுக்கு 200 மி.கி. ஆகிறது. முதல் ஊசியை இரத்த நாளத்தில் மெதுவாகச் செலுத்தி, பின்னர் சில மணி நேரத்துக்கு ஒரு முறை தசையில் போடுவது வழக்கம். நேரத்தோடு போட்டால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஆடு எழுந்து நிற்கும். பார்வை திரும்பச் சில நாள் பிடிக்கலாம். நீண்ட நேரம் விழுந்து கிடந்த ஆடு பிழைத்தாலும் பழைய நிலைக்கு வராமல் போகலாம். தமிழகத்தில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் ஊசி ஒன்றை வாங்கித் தாமே போட்டுவிட்டு, 'பி-1 போட்டும் கேட்கவில்லை' என்று சொல்பவர்கள் பலர். அந்த மருந்துகளில் தயமினின் அளவு ஒவ்வொன்றிலும் வேறுபடும். ஒரு மில்லியில் எத்தனை மி.கி. என்று லேபிளில் பார்க்காமல், ஊசிக்குழாய் அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஆட்டுக்குத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூடப் போய்ச் சேராது. மிகுதியானால் சிறுநீரில் போய்விடும் என்றாலும், நாளத்தில் வேகமாகச் செலுத்தினால் அரிதாக ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு ஆடு விழுந்துவிடலாம். அந்த வேலையை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கழுத்து பின்னுக்கு வளைந்த ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. கஷாயமானாலும் எண்ணெயானாலும் நுரையீரலுக்குள் போய்விடும். அடுத்தது அதைவிட முக்கியம். வெறிநோய், ரண ஜன்னி, துள்ளுமாரி ஆகியவற்றிலும் இதை ஒத்த குறிகள் தோன்றும். நாய் கடித்த சந்தேகம் சிறிது இருந்தாலும் வெறும் கையை ஆட்டின் வாய்க்குள் விடக் கூடாது. எந்த நோய் என்று பிரித்தறிவது மருத்துவர் பொறுப்பு; கடந்த இரண்டு நாளில் ஆடு என்ன தின்றது என்று மறைக்காமல் சொல்வது வளர்ப்பவர் பொறுப்பு. பக்கத்து வீட்டுக் களத்தில் புகுந்து தின்றதை வெட்கப்பட்டு மறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வராமல் தடுப்பது கடினம் அல்ல. அடர் தீவனத்தை இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தழை, புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். தானிய மூட்டைக்கும் ஆட்டுக்கும் நடுவே உறுதியான படல் ஒன்று வேண்டும்.

கோழிக்குஞ்சும் நொய்யும்

கோழிக்கு அசை போடும் வயிறு இல்லை. தயமின் தீனியில்தான் வர வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மி.கி. தேவை. தீட்டிய பச்சரிசி நொய்யில் கிலோவுக்கு 0.6 மி.கி. அளவுதான் இருக்கும். வேறு தீனி இல்லாமல் நொய் மட்டும் போட்டு அடைத்து வளர்க்கும் குஞ்சுகள், இரண்டு வாரம் ஆவதற்குள்ளேயே கால் மடங்கி உட்காரக்கூடும். வளர்ந்த கோழியானால் மூன்று வாரம் தாங்கும். முற்றத்தில் புழு பூச்சி, பசுந்தழை, சிதறிய தானியம் என்று பொறுக்கித் தின்னும் நாட்டுக்கோழிக்கு இந்தக் குறை அபூர்வம்.

நல்ல தவிட்டில் கிலோவுக்கு 25 மி.கி.க்கு மேல் தயமின் இருக்கிறது. ஒரு கிலோ நொய்யில் 100 கிராம் தவிடு கலந்தாலே இந்தக் குறை தீர்ந்துவிடும். புரதம், சுண்ணாம்புச் சத்துக்கு வேறு தீனி பார்க்க வேண்டும். தவிடு புதிதாக இருக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் அதிகம் இருப்பதால் சில நாளிலேயே சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். அத்தகைய தவிட்டைக் கோழி ஒதுக்கும், தின்றாலும் நல்லதல்ல. பழைய ஹல்லர் மில்லில் வரும் தவிட்டில் உமி மிகுதியாகக் கலந்திருக்கும். கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தால் உமியின் சொரசொரப்பு தெரிந்துவிடும். விலை பேசும் முன் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்தால் ஆம்புரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். இது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. ஆம்புரோலியத்தின் உருவம் தயமினைப் போலவே இருக்கும். நோய்க்கிருமி ஏமாந்து இதை எடுத்துக்கொண்டு, உண்மையான தயமின் கிடைக்காமல் சாகும். எனவே அந்த மருந்து கொடுக்கும் நாட்களில் 'தெம்புக்கு' என்று பி வைட்டமின் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால் கிருமிக்கே தெம்பு கிடைக்கும், மருந்து வீண். மாறாக, சீக்கிரம் குணமாகட்டும் என்று ஆம்புரோலியத்தை அளவுக்கு மேல் பல நாள் கொடுத்தால் குஞ்சுக்கே தயமின் குறை வந்துவிடும்.

கழுத்துத் திருகிய கோழி எல்லாம் பி-1 குறை என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயில் தப்பிய கோழிக்கும் கழுத்து திருகும். பண்ணையில் கோழிகள் அடுத்தடுத்துக் கழிந்து, மூச்சுத் திணறிச் செத்திருந்தால் அது இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்கு எந்த வைட்டமினும் மருந்தாகாது, தடுப்பூசியே வழி.

கோழி காட்டிக் கொடுத்த உண்மை

இந்த வைட்டமின் உலகுக்குத் தெரிய வந்ததே கோழியால்தான். ஜாவாவில் பத்தேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் எய்க்மான் 1890-களில் பெரிபெரியை ஆராய்ந்து வந்தார். ஏதோ கிருமிதான் காரணம் என்பது அவர் எண்ணம். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கோழிகள் திடீரெனக் கால் முடங்கி விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்ததில், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்தியிருக்கிறார். கோழிகள் பிழைத்தது அந்தக் கண்டிப்பால்தான்! தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் நோய் தீர்வதை எய்க்மான் நிலைநாட்டினார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் மலாயாவில் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அவர்களுக்கு அருகிலேயே வாழ்ந்து, அதைவிட வசதிக் குறைவில் உழைத்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்நோய் அபூர்வமாகவே வந்தது. வேறுபாடு புழுங்கல் அரிசிதான். நம் பக்கத்திலும் அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடிக் கடலோர மாவட்டங்களில், பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தெற்கே அது அரிது.

1926-இல் ஜான்சன், டோனாத் என்ற இருவர் அதே ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து இச்சத்தைப் படிகமாகப் பிரித்தனர். 1936-இல் இதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கரான இவர் பிறந்தது நெல்லூரில், 1886-இல்.

வீட்டுப் பானையில் நடப்பது

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கு அடியில் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. வெந்த மாவு இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.06 மி.கி.; தீட்டிய புழுங்கலில் 0.2 மி.கி. வரை. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.2 அளவு இருக்கும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.2 மி.கி. வேண்டும், வயல் வேலை செய்பவருக்கு இன்னும் கூடுதலாக. அரைக் கிலோ பச்சரிசி உண்பவருக்கு 0.3 மி.கி.தான் தேறும், புழுங்கலானால் 1 மி.கி. கம்பு, கேழ்வரகு, சோளம், உளுந்து ஆகியவற்றில் 100 கிராமுக்கு 0.3 முதல் 0.4 மி.கி. வரை இருக்கிறது. நிலக்கடலையில் 0.9 மி.கி.

இதெல்லாம் பானைக்குப் போகும் முன் உள்ள கணக்கு. அரிசியை நாலு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் ஒரு பங்கு கழுநீரில் போகிறது. வடித்தால் இன்னொரு பங்கு கஞ்சியில் போகிறது. கழுநீரும் கஞ்சியும் தொட்டியில் சேர்ந்து மாட்டுக்குப் போகின்றன. மாட்டுக்கோ தயமின் தன் வயிற்றிலேயே தயாராகிறது! வேண்டாத வாய்க்கு ஊட்டிவிட்டு, வேண்டிய குழந்தைக்குச் சக்கையைக் கொடுக்கும் ஏற்பாடு இது. அரிசியை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை கழுவிப் பொங்கி எடுத்தால் போதும். வடித்தே ஆக வேண்டும் என்றால் கஞ்சியில் உப்பிட்டு வீட்டாரே குடிக்கலாம்.

சாராயம், கள் குடிப்பவர்களுக்கு இச்சத்து இரட்டிப்பாகக் குறையும். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. உள்ளே போனதைக் குடல் ஏற்பதும் இல்லை. கால் எரிச்சல், மரத்துப்போதல், கெண்டைக்கால் தசை வலி, கால் வீக்கம், படியேறினால் மூச்சு வாங்குதல் ஆகியவை பெரிபெரியின் குறிகள். குடிப்பவர் நடை தள்ளாடி, பார்வை இரண்டாகி, நினைவு தடுமாறினால் போதை என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிள்ளை பெற்ற வீட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் பருப்பு, பயறு, காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறும் பச்சரிசிச் சோறும் இரசமுமாகத் தாய்க்குக் கொடுத்தால் தாய்ப்பாலில் தயமின் வற்றிவிடும். தாய் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தை திடீரெனப் பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு இரைக்கும், அழுதால் குரல் கம்மி ஓசையே வராது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தீட்டிய அரிசியும் பத்தியமுமாக இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதை 2010-களில் கூட மருத்துவர்கள் கண்டறிந்தனர். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் குழந்தை தெளியும். போடாவிட்டால் இருதயம் தளர்ந்து ஒரே நாளில் இறந்துவிடலாம். இத்தகைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், தாய் என்ன சாப்பிட்டு வந்தாள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாய்க்குப் புழுங்கலரிசிச் சோறு, உளுந்தங்களி, பாசிப்பயறு, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைப் பிரசவத்துக்கு முன்பிருந்தே கொடுத்து வரலாம். பத்திய நாட்களிலும் நிறுத்த வேண்டியதில்லை.